துப்பறியும் ஆட்டம் பாதியில் நின்றுவிட்டால் எங்கே பார்க்க வேண்டும்

எங்கள் குழுவில் ஒரு தம்பி செம்பனை ஆலையில் மெக்கானிக். ஒரு சனிக்கிழமை இரவு நான் நடத்திய, ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் உட்கார்ந்து பேசி விளையாடும் கொலைத் துப்பறியும் ஆட்டம் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டது. பத்தரை வரை தள்ளிப் பார்த்தோம். ஐந்து பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தே தாரிக் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. கிளம்பும்போது அவன் மோட்டாரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "அண்ணே, மில்லுல மிஷின் நின்னுட்டா எதைப் பார்க்கணும்னு சுவத்துல ஒரு தாள் ஒட்டி வச்சிருப்பாங்க. சத்தம் வந்தா இதைப் பாரு, சூடானா அதைப் பாருன்னு. நீங்களும் ஒண்ணு எழுதி வச்சிக்குங்களேன்."

எழுதினேன். இது அந்தத் தாள்தான், கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில். ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்கு எழுந்திருப்போம். விளையாடுவது கால் ஆஃப் குதுலு என்ற திகில் ஆட்டத்தின் விதிகளில், பூதங்களை எடுத்துவிட்டு. 1981இல் வந்த ஆட்டம் அது. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு சதவீதம் இருக்கும். பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் காரியம் நடக்கும். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்.

கதை 1952இல், மலாயாவில் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு மோதிக்கொண்டிருந்த அவசரகாலத்தில், ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. சம்பள நாள் காலையில் தோட்ட அலுவலகக் கணக்கரான பெரிய கிராணி, ரப்பர் பாலைச் சேர்க்கும் பால் ஸ்டோருக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறார். நிஜ டீச்சரக்கா, தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஆயாவாக விளையாடினார் ("வாரம் அஞ்சு நாள் டீச்சர் வேலை பார்க்கிறது போதும்"). படிவம் ஆறு படிக்கும் பையன் தமிழ்ப்பள்ளி வாத்தியார், மெக்கானிக் தம்பி ஸ்பெஷல் கான்ஸ்டபிள், லாரி ஓட்டும் அண்ணன் கடைக்காரர் மகன், கிளினிக்கில் வேலை பார்க்கும் தங்கச்சி தோட்டத்து மருந்தகத்தில் உதவியாள். நான்கு சனிக்கிழமை ஓடி முடிந்த கதை, அதனால் உண்மையை இங்கே உடைத்துவிடுகிறேன்: கொன்றது மண்டோர், அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளர். செத்தவர்கள், ஊருக்குத் திரும்பியவர்கள் மூன்று பேரின் பெயரைச் சம்பள ஆள் பதிவான செக்ரோலில் விட்டுவைத்து, அவர்கள் சம்பளத்தைக் கிராணியும் மண்டோரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கிராணி பயந்து விலகப் பார்த்தார்.

உங்கள் மேசையில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். அந்த நிமிடமே செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள், மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது, அடுத்து எங்கே போவதென்று யாருக்கும் தெரியவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். கதை முழுவதும் ஒரே ஒரு துப்பின் வழியாகத்தான் போக முடியும், அந்தத் துப்பு பகடைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது.

என் கதையில் அது செக்ரோல் புத்தகம். கிராணியின் மேசை இழுப்பறையில், பொய் அடித்தட்டுக்குக் கீழே. அதைப் பார்த்தால்தான் பணம் தெரியும், பணம் தெரிந்தால்தான் மண்டோர் தெரிவார். மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறமை இந்த விதிகளில் 25 சதவீதத்தில் தொடங்குகிறது. எங்கள் ஆட்கள் யாரும் அதில் புள்ளி போட்டிருக்கவில்லை. ஐந்து பேரும் உருட்டினார்கள், ஐந்து பேருக்கும் விழவில்லை.

அன்று அதைத் துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் சிரிப்பு வந்தது. ஒருவருக்குத் தவற 75 சதவீதம் என்றால், ஐந்து பேருக்கும் சேர்ந்து தவறக் கிட்டத்தட்ட 24 சதவீதம். நான்கு ஆட்டத்தில் ஒன்று அந்த இழுப்பறையிலேயே செத்துப்போகும்படி நானே கட்டி வைத்திருக்கிறேன். இதில் பகடையைத் திட்டி என்ன பிரயோஜனம்?

உடனே செய்ய வேண்டியது: துப்பைக் கொடுத்துவிடுங்கள். பகடை தவறினால் அதற்கு ஒரு விலை வையுங்கள். அடித்தட்டு கையோடு வருகிறது, புத்தகம் கிடைக்கிறது, ஆனால் நிமிர்ந்தால் வாசலில் கிராணியின் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். துப்பு கிடைப்பது உறுதி. என்ன விலைக்கு என்பதை மட்டும் பகடை சொல்லட்டும். ராபின் டி. லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பொருத்தமான திறமை உள்ள பாத்திரம் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு கிடைத்தே தீரும், உருட்டவே வேண்டாம். கண்டெடுப்பதில் சுவாரசியம் கம்மி, கண்டெடுத்ததை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது என்பது அந்த விதிகளின் அடிப்படை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நான் அன்று செய்தது உண்மைக்குக் காவல் நின்றது. எனக்கு இருந்த வேலையோ அதைத் துண்டு துண்டாக எடுத்துப் பரிமாறுவது.

வீட்டில் செய்ய வேண்டியது: ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று துப்பு விதி. விளையாடுபவர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், ஒன்றாவது மிஞ்சும். ஒவ்வொன்றும் தவறிப்போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும், மூன்றும் தவறுவது எட்டில் ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் "இல்லாத ஆட்களுக்குச் சம்பளம் போகிறது" என்ற முடிவுக்கு இரண்டு துப்பைக் கூட்டினேன். ஒன்று, ஆயாவுக்குத் தெரிந்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒரு பெண்ணின் குழந்தையை இரண்டு வருடத்துக்கு முன் கடைசியாகப் பார்த்த ஞாபகம் ஆயாவுக்கு இருக்கிறது. தாய் செத்ததும் பாட்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இதை டீச்சரக்காவிடம் பகடை கேட்காமல் நேராகவே சொன்னேன். இன்னொன்று, கடைக் கடன் புத்தகம். தோட்டத்தில் எல்லோரும் கடையில் கடன் சொல்லி வாங்கிச் சம்பளத்தன்று அடைப்பவர்கள். செக்ரோலில் இருக்கும் மூன்று பேருக்கு மட்டும் கடன் புத்தகத்தில் பக்கமே இல்லை. லாரி அண்ணன் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "சோறே தின்னாத ஆள் மூணு பேரு மரம் சீவுறாங்களா?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த ஆட்டத்தையே நடத்துகிறோம் என்று தோன்றியது.

ஒரு எச்சரிக்கை. மூன்று துப்பையும் ஒரே அறையில் வைத்தால் அது மூன்று ஆகாது. அந்த அறைக்கு அவர்கள் போகாவிட்டால் மூன்றும் போச்சு. ஒன்று பொருளாக, ஒன்று ஒருவர் வாயில், ஒன்று ஓர் இடத்தில் என்று பிரித்து வையுங்கள்.

அறிகுறி: துப்பு கைநிறைய இருக்கிறது, பேச்சும் ஓடுகிறது, ஆட்டம் மட்டும் நகரவில்லை

முக்கால் மணி நேரம் வாதம், பகடை தொடப்படவில்லை, நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். பேச்சில் சூடு இருந்தால் இதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள், விடுங்கள். அவர்கள் கேட்டு வந்த விருந்தே அதுதான். ஒரே வாக்கியம் மூன்றாம் தடவை சுற்றி வரும்போதுதான் கை வைக்க வேண்டும்.

முதலில் துப்புகளைப் பாருங்கள். "என்ன நடந்தது" என்று சொல்கின்றனவா, "அடுத்து யாரிடம், எங்கே" என்றும் சொல்கின்றனவா? இரத்தக்கறை என்ன நடந்தது என்று சொல்லும், அதோடு நின்றுவிடும். கறை படிந்த துண்டில் சலவைக்காரர் போட்ட குறி இருந்தால் அது ஒரு வீட்டு வாசல் வரை கூட்டிப்போகும். என் துப்புகளில் பாதி முதல் வகை என்று தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள் அல்லது ஓர் இடத்தின் பெயரை எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லை என்றால் துப்பை மாற்றுகிறேன்.

அடுத்து, நேரத்துக்கு விலை இருக்கிறதா என்று பாருங்கள். 1952 எனக்கு இதில் கைகொடுத்தது. எங்கள் கதையில் மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை ஊரடங்கு. "மணி அஞ்சேகால் ஆச்சு, கேட்டு மூட முக்கால் மணி நேரம் இருக்கு" என்று சொன்னால் போதும், வாதம் தானாக முடிவாகும். உங்கள் கதையில் ஊரடங்கு இல்லையென்றால் கடைசி பஸ், பிணத்தை அடக்கம் செய்யும் நேரம், மழை, எதையாவது வையுங்கள்.

அதோடு, துப்புகளைத் தாளில் கொடுங்கள். ஒரு துப்பு ஒரு சீட்டு. டீச்சரக்கா பழைய பயிற்சி நோட்டைக் கிழித்துக்கொண்டு வந்து அவரே எழுதிப் பரப்பி வைக்க ஆரம்பித்தார். சீட்டு கையில் இருந்தால் அதை இன்னொரு சீட்டின் பக்கத்தில் நகர்த்திப் பார்க்கத் தோன்றும். காதால் கேட்டதைப் பதினைந்து நாள் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது, இது வயசுக் கோளாறு இல்லை.

அறிகுறி: நீங்கள் அலங்காரத்துக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்

இதில் எனக்கு விழுந்த அடி பெரிது.

அவசரகாலத்தில், காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதற்காக உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்டதை நாள் கணக்கில் பதுக்கி வைக்க முடியாது. படித்ததும் மனசில் ஒட்டிக்கொண்ட தகவல். காலத்தின் வாசனை வரட்டும் என்று கிராணியின் அலமாரியில் "ஓட்டை போடாத சார்டின் டின் ஒன்று" என்று சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். கிராணி காட்டுக்குச் சோறு அனுப்பினார், அதனால்தான் கொன்றுவிட்டார்கள் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் முடிவு கட்டி, இரண்டு மணி நேரம் காட்டோரத்தில் வேலியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தப்பு அவர்களுடையது என்று எப்படிச் சொல்வேன்? அந்த மேசையில் இருந்ததிலேயே நல்ல துப்பு அதுதான். நான் வேண்டுமென்றே வைத்த எதுவும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

உடனே செய்ய வேண்டியது: அந்தக் கதவை நாகரிகமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூடுங்கள். "அங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால் மூடாது, இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள். துரை பங்களா சமையல்காரர் வந்து, "அது நான் குடுத்ததுங்க. துரை வீட்டு டின்னு. கிராணி ஐயா மகளுக்குக் காய்ச்சல்னாரு, எடுத்துக் குடுத்தேன். வெளியே சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்" என்றார். கேள்விக்குப் பதில் கிடைத்தது, கிராணிமேல் கொஞ்சம் பாசமும் வந்தது, சமையல்காரர் அவர்களுக்குக் கடன்பட்டவராகவும் ஆனார். அந்தக் கடன் பிறகு வேறொரு இடத்தில் உதவியது.

பொய்த்துப்பை வேலை மெனக்கெட்டுத் தயாரிக்கவே வேண்டாம். அதை அவர்களே வேண்டிய அளவு உற்பத்தி செய்துகொள்வார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கள்ளுக்கடைக் குடிகாரன், ஊருக்குப் புதிதாக வந்த சாமியார் போன்ற ஆட்களைத் திசைதிருப்ப வைப்பது எனக்குப் பிடிக்காது. ஊரில் எப்போதும் முதலில் மாட்டுகிறவர்கள் அவர்கள்தான், ஆட்டத்திலுமா?

அறிகுறி: சாட்சி வாயைத் திறப்பதில்லை, அல்லது எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்

நீங்கள் பேசும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: அவருக்குத் தெரிந்தது ஒன்று, அவருக்கு வேண்டியது ஒன்று, அவர் மறைப்பது ஒன்று. வேண்டியது கிடைத்தால் தெரிந்தது வரும். மறைப்பது குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை, வெட்கமாக இருந்தாலும் போதும்.

கேட்கும் முறையும் உண்டு. பையன் வாத்தியார் பாத்திரத்தில், போலீஸ் ஸ்டேஷன் மாதிரி, ஒரு பெரியவரிடம் "நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க?" என்று ஆரம்பித்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவரிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? டீச்சரக்கா இடையில் புகுந்தார்.

"என்ன மாமா, கால் வீக்கம் வத்திருச்சா?"

"எங்கம்மா வத்துது. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

"தூங்கலையா? அப்ப நாய் குரைச்சது கேட்டிருக்குமே."

"நாய் எங்க குரைச்சது. அதான் எனக்கும் ஆச்சரியம். தெரிஞ்ச ஆளு போனாத்தான் அது சும்மா கெடக்கும்."

இதற்குப் பகடை கேட்கவில்லை. முறை வைத்துக் கூப்பிட்டு, உடம்பை விசாரித்துவிட்டு வந்தவருக்குத் துப்பைக் கொடுக்காமல் இருந்தால் அது மேசைக்கே மரியாதை இல்லை.

அறிகுறி: துப்பு கண்முன்னால் இருக்கிறது, யாருக்கும் அது துப்பென்று தெரியவில்லை

உங்களுக்குத் தெரிந்த உலகம் அவர்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். எங்கள் பையன் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டில் வளர்ந்தவன். ரப்பர் மரத்தைக் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. அவனிடம் "மரம் சீவியிருக்கிறது, மங்குக் கிண்ணத்தில் பால் அப்படியே கட்டியாக உறைந்து கிடக்கிறது" என்றால் அது ஒரு வர்ணனை. அவன் பாட்டியிடம் சொன்னால் அவர் எழுந்தே நின்றுவிடுவார்.

ஏனென்றால் ரப்பர்த் தோட்டம் ஒரு கடிகாரம். பட்டையைச் சீவினால் பால் சில மணி நேரம் வடியும். குளிர்ந்த நேரத்தில் நன்றாக வடியும், அதனால்தான் விடியுமுன் வேலை தொடங்குகிறது. சீவி முடித்து, வடியவிட்டு, காலை ஏறியதும் வாளியோடு திரும்பி வந்து மங்குகளிலிருந்து பாலை எடுப்பார்கள். எடுக்காமல் விட்டால் அது மங்கிலேயே தானாக உறைந்து கட்டிப்பாலாகிவிடும். அப்படியானால் சீவின மரமும் எடுக்காத பாலும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன: சீவி முடித்த பிறகு, எடுக்க வரவேண்டிய நேரத்துக்கு முன்னால், இந்த ஆளுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

எங்கள் கதையில் மண்டோரைப் பிடித்துக் கொடுத்ததும் இந்தக் கடிகாரம்தான். காலை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் இருந்தேன் என்கிறார் மண்டோர். பால் ஸ்டோர்ப் பக்கம் அவர் போனதைப் பார்த்த அம்மாவிடம் கைக்கடிகாரம் கிடையாது. "எத்தனை மணிக்கும்மா?" என்றால் "நான் என்னத்தக் கண்டேன்" என்கிறார். அந்த அம்மா சீவும் நிரையில் 500 மரம். ஊரடங்கு முடிந்து ஆறு மணிக்கு முதல் மரத்தில் உளி வைத்தால் பத்து மணிக்குக் கடைசி மரம். இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தேன், ஒருவரும் எடுக்கவில்லை. அப்போது மெக்கானிக் தம்பி, ஆலையில் ஷிப்டுக்கு எத்தனை டன் குலை என்று எண்ணியே பழகியவன், "அப்ப எந்த மரத்துல நின்னீங்க?" என்று கேட்டான்.

"பாம்புப் புத்து இருக்கே, அந்த மரம். நிரையில சரியா பாதி."

500இல் பாதி 250. மணிக்கு 125 மரம். எட்டு மணி. அவனே விரலால் மேசையில் கணக்குப் போட்டான்.

ஆக, வைத்தியம் எளிது: பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியதை விளையாடுபவருக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "உன் வாத்தியார் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், எடுக்காத பால் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும், அதாவது..." என்று. இது துப்பை உடைப்பதாகாது. தகவலைக் கொடுக்கிறோம், கணக்கை அவர்கள் போடட்டும்.

இதே கோளாறின் மறுபக்கமும் எனக்கு நடந்தது. விளையாடுபவர்களுக்கு உங்களைவிட அதிகம் தெரியும்போது உங்கள் பிழையே துப்பாகிவிடும். இரண்டாம் சனிக்கிழமை, மனநிலைக்காக விடியற்காலை வரை அடைமழை என்று சொல்லியிருந்தேன். மறுநாள் காலை ஒரு சாட்சி "மரம் சீவிக்கிட்டு இருந்தேங்க" என்றார். சாப்பாட்டுக் கடைக்காரரின் அம்மா, கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், தண்ணீர் கொண்டுவந்தவர் அங்கேயே நின்று சொன்னார்: "மழை பேஞ்சா பட்டை ஈரமா இருக்கும் தம்பி. பால் மங்குக்குள்ள எறங்காது, பட்டை மேலேயே வழிஞ்சி போயிடும். அன்னைக்கு ஏது வேலை?" ஐந்து பேரும் திரும்பி அந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறார்!

இப்படி ஆனால் இரண்டு வழி. "அது என் தப்பு, மழை முன்னிரவோடு விட்டுவிட்டது" என்று ஒப்புக்கொள்ளலாம்; அரை நிமிடத்தில் முடியும். அல்லது பிழையை உண்மையாக்கலாம்: அவர் பொய்தான் சொல்கிறார், வேறு வெட்கக்கேட்டுக்காக. நான் முதல் வழியை எடுத்தேன். துப்பறியும் ஆட்டத்தில், நடத்துபவர் சொல்வது நிஜம் என்ற நம்பிக்கை ஒன்றுதான் தரை. அது ஆடினால் எந்தத் துப்பையும் நம்ப மாட்டார்கள். பாட்டியம்மாவுக்கு அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாற்காலி போட்டாயிற்று.

அறிகுறி: பத்து நிமிடத்தில் கொலையாளியைச் சொல்லிவிட்டார்கள்

முதல் வாரமே லாரி அண்ணன், "மண்டோர்தான்லா. வேற யாரு?" என்றார். காரணம் கேட்டால், அவர் தாத்தாவை ஒரு மண்டோர் ஏமாற்றினாராம்.

கை நடுங்கும். கொலையாளியை மாற்றிவிடலாமா என்று தோன்றும். மாற்றாதீர்கள். நீங்கள் விதைத்த துப்புகள் எல்லாம் பழைய ஆளைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், சரியாக யோசிப்பவர்தான் தோற்பார். பதிலே முன்கூட்டி இல்லாமல், விளையாடுபவர்கள் சேர்த்துக் கட்டும் கதையைப் பகடை உறுதிசெய்யும் ஆட்டங்களும் இருக்கின்றன. ஜேசன் கோர்டோவாவின் பிரிண்டில்வுட் பே அப்படிப்பட்டது. நல்ல ஆட்டம்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தை முதலிலேயே மேசையில் சொல்லிவிட வேண்டும். பாதியில் ரகசியமாகத் தாவக்கூடாது.

யூகிப்பது வேறு, நிரூபிப்பது வேறு. அவசரகாலச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே ஆளைத் தடுத்து வைக்கலாம். வெறும் சந்தேகத்தோடு போலீசுக்குப் போனால் யாரை, எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? இதைச் சொன்னதும் அண்ணன் அடங்கிவிட்டார். மிச்ச மூன்று வாரமும் அவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குக் காட்டவே செலவானது.

அறிகுறி: ஒருவரே துப்பறிகிறார், மற்றவர்கள் ஃபோன் பார்க்கிறார்கள்

துப்புகளை ஆள்வாரியாகப் பிரியுங்கள். கடன் புத்தகம் கடைக்காரர் மகனுக்கு, காயத்தின் திசை மருந்தகப் பெண்ணுக்கு. ஒரு துப்பு ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் மற்றவர் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஃபோனைத் திட்டுவதால் ஒன்றும் நடக்காது.

அறிகுறி: ஒருவர் திடீரென்று மௌனமாகிவிட்டார்

துப்பைப் பற்றிய மௌனமா, வேறு மௌனமா என்று பாருங்கள். 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துத்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960 வரை நீடித்தது. வெளியூர் நண்பர் ஒருவர் அதையே ஆட்டமாக வைக்கச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். பதில் எல்லோருக்கும் தெரிந்த கொலையில் துப்பறிய என்ன இருக்கிறது என்பது ஒரு காரணம். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் காலத்தில் கைதானவர், காணாமல் போனவர், துப்பாக்கி பிடித்தவர் யாராவது இருப்பார்கள் என்பது பெரிய காரணம். காலத்தை எடுத்துக்கொண்டேன், பிணங்களை விட்டுவிட்டேன்.

அப்படியும் ஒரு நாள், வேலிக் கதவில் பெண்களைச் சோதனை போடும் காட்சியில் தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டாள். மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று கிடக்கும், ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் பரப்பிய வழக்கம் அது. தொட்டால் காட்சி நிற்கும், காரணம் கேட்பதில்லை. தொட்டாள். "சரி, எல்லாரும் கதவைத் தாண்டியாச்சு, மணி ஏழு" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனேன்.

அறிகுறி: மணி பதினொன்றேகால், கொலையாளி யாரென்று இன்னும் முடிவாகவில்லை

பதினொன்றேகாலுக்குப் பார்த்தால் தாமதம். பத்தே முக்காலுக்கே ஒரு தடவை மணி பாருங்கள். துப்பு போதாமல் இருந்தால் உங்கள் பாத்திரம் ஒன்று தானாக வந்து ஒன்றைக் கொடுக்கட்டும். எங்களுக்குக் கடன்பட்ட சமையல்காரர் இருந்தார். அப்புறம் ஆளுக்கொரு சீட்டு கொடுத்து மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: யார், எதற்காக, எப்படித் தெரியும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. எது அதிகமோ அதை வைத்துக் கடைசிக் காட்சியை ஓட்டுங்கள். தப்பாக இருந்தால் தப்பான ஆள் மாட்டுவார், அதற்கும் ஒரு காட்சி உண்டு.

எங்கள் நான்காம் சனிக்கிழமை மூன்று சீட்டில் மண்டோர், ஒன்றில் உதவி நிர்வாகியான சின்னத்துரை, ஒன்று வெற்று. பையனுடையது வெற்று, "எனக்கு அவர் செஞ்சிருப்பாருன்னு நம்பத் தோணலை" என்றான். ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் சம்பள மேசை போட்டாயிற்று, மண்டோர் பக்கத்தில் நிற்கிறார். நான் மண்டோரின் வாயில் ஒரு பெரிய ஒப்புதல் வசனம் தயாராக வைத்திருந்தேன். டீச்சரக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆயா நேராக மேசைக்குப் போய்ச் செக்ரோலை எடுத்து, அந்த மூன்று பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். முதல் பெயர். யாரும் வரவில்லை. இரண்டாவது. கூட்டத்தில் ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் என்றேன். மூன்றாவது பெயரைக் கூப்பிடும்போது, விளக்கை அணைக்க மேலே வந்த கடைக்காரர் படியிலேயே நின்றுவிட்டார். பாட்டியம்மா கையைக் காட்டி அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.